ஓரத்தில் நின்ற இருவர்

பள்ளிக்கூட ஊழியர்களின் குழுப் படத்தில் இரண்டு பேரைக் காணவில்லை. இடது ஓரத்தில் நின்றிருந்த விளையாட்டு ஆசிரியையின் முழங்கை மட்டும் படத்துக்குள் வந்திருந்தது. வலது ஓரத்தில் நின்றிருந்த காவலாளிக்கு அதுவும் இல்லை. அவருடைய தொப்பியின் நிழல் பக்கத்தில் நின்றவரின் தோளில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். படத்துக்காகவே அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்த மனிதர் அவர்.

தலைமையாசிரியை படத்தைக் கொண்டுவந்து ஸ்டூடியோவின் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. அந்தப் பள்ளிக்கு நெடுங்காலமாகப் படம் எடுப்பவர் இந்த ஸ்டூடியோவின் புகைப்படக்காரர்தான். இதுவரை ஒரு தலை வெட்டுப்பட்டதில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கோ போய்விட்டார்கள், கொஞ்சம் தேடிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று புகைப்படக்காரரின் மனைவி நினைத்தாள். படங்களைக் கணினியில் திருத்துவதும், ஓரங்களை நறுக்குவதும், முகப்பருக்களை அழிப்பதும் அவள் வேலை. மூலப் படத்தைத் திறந்து பார்த்தாள். அதிலும் அந்த இரண்டு பேர் இல்லை.

அவர்கள் நகர்ந்திருப்பார்கள் என்றார் புகைப்படக்காரர்.

"ரெண்டு பேருமா? ஆளுக்கொரு பக்கமா?" என்றாள் மனைவி.

அவர் லைட் ஸ்டாண்டை நகர்த்தப் போனார். போகிற வழியில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கொஞ்ச நாளாகவே அது நடந்துகொண்டிருந்தது. தோளில் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் கன்றியிருந்தது. கடைக்கு வருபவர்கள் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் வைத்த டீ டம்ளரை அவரே தட்டிவிட்டுவிட்டு, இங்கே யார் வைத்தது என்று கேட்டார். வயசாகிறது என்று மனைவி கேலி செய்தாள். இப்போது கேலி செய்யத் தோன்றவில்லை.

மேசையில் கிடந்த இரண்டு லென்ஸ் மூடிகளை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள். தன் மூக்கையே பார்க்கச் சொன்னாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல நீட்டினாள். மூடி தெரிந்ததும் சொல்ல வேண்டும் என்றாள்.

அவர் பார்த்தபடியே இருந்தார். ஸ்டூடியோவின் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, எப்ப காட்டப்போற?" என்றார்.

அவள் அப்போது இரண்டு மூடிகளையும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தத் தெருவில் புகைப்படக்காரருக்கு 'சிமிட்டாதீங்க' என்றுதான் பெயர். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருபவர் நீதிபதியாக இருந்தாலும், கைக்குழந்தையாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை அதே இழுப்போடு சொல்வார். தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால் கண்ணை அகல விரித்து எதிரே நின்று பந்தயம் கட்டும். அவரும் நின்று முறைப்பார். அவர் முதலில் சிமிட்டித் தோற்றதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தொழிலுக்குத் தந்த மரியாதையாகவே அதை அவர் நினைத்தார். அடுத்தவனைச் சிமிட்டாதே என்று சொல்பவனுக்கு முதலில் அது முடிய வேண்டுமாம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் தொடங்கி, கண் மருத்துவமனை, தலை ஸ்கேன் என்று விஷயம் விறுவிறுவென்று வளர்ந்தது. மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் திராட்சை அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் இல்லை என்றார்கள். மாத்திரையில் கரைகிற வகையும் இல்லை என்றார்கள். இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் அந்தச் சுரப்பிக்குச் சற்று மேலேதான் சந்திக்கின்றன. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் காட்டும் இழைகள் சரியாக அந்தச் சந்திப்பில்தான் குறுக்கே போகின்றன. கட்டி கீழேயிருந்து அங்கே முட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் நடுவில் இருப்பதெல்லாம் தெரிந்தது, ஓரங்கள் மட்டும் இரண்டு பக்கமும் மறைந்தன. வரிசை எங்கே முடிகிறது என்று கண் சொன்னதோ, அங்கேயே கேமராவையும் முடித்திருக்கிறார் அவர்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுத்துவிடலாம். எடுத்த பிறகு பார்வை திரும்புமா என்பதுதான் கேள்வி. அதை ஓரளவு முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒரு ஸ்கேன் இருந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை; ஒளியை அனுப்பிக் கண்ணின் பின்சுவரைப் படம் பிடிப்பார்கள். அங்கே பரவியிருக்கும் நரம்பு இழைகளின் அடுக்கு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று கருவி அளந்து சொல்லும். அடுக்கு தடிமனாக இருந்தால் இழைகள் நசுங்கியிருந்தாலும் உயிரோடு இருக்கின்றன, பாரம் நீங்கினால் மறுபடி வேலை செய்யும். மெலிந்திருந்தால் இழைகள் செத்துப்போய்விட்டன. அப்புறம் பாரத்தை எடுத்தும் பெரிய பயனில்லை.

கண் மருத்துவமனையில் அன்று நல்ல கூட்டம். ஸ்கேன் எடுத்த இளைஞர் மோவாயை இங்கே வையுங்கள், நெற்றியை அங்கே ஒட்டுங்கள், பச்சைப் புள்ளியைப் பாருங்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், சிமிட்டாதீங்க என்றார். புகைப்படக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களிடம் சொன்ன வார்த்தை கருவியின் அந்தப் பக்கத்திலிருந்து தனக்கு வருகிறது. சிமிட்டாமல் இருப்பது என்றால் எப்படி என்று இந்தப் பையனுக்குக் காட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தார். ஒரு கண் முடிந்து மறு கண் முடியும்வரை இமை அசையவில்லை. எழுந்தபோது இரண்டு கண்ணும் எரிந்தன. யாரும் பாராட்டவில்லை.

படம் சிவப்பாக வந்தது. தடிமன் போதுமென்றால் பச்சை, குறைந்தால் மஞ்சள், மிகக் குறைந்தால் சிவப்பு. அங்கிருந்த மருத்துவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அடுக்கு மெலிந்திருக்கிறது, பக்கப் பார்வை திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க முடியவில்லை, ஆனால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றவாவது கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றார். புகைப்படக்காரரின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் முடிவைச் சொன்னார்.

"வராதுன்னா எதுக்கு மூக்குக்குள்ள கத்தி? நடுவுல இருக்கிறதாவது தெரியுது. அதையும் போட்டு உடைச்சுக்கிறதுக்கா?"

கேமராவை மனைவியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மறுக்கிறாள், அழுகிறாள் என்றால் அவருக்குச் சமாதானம் சொல்ல ஏதாவது வேலை இருந்திருக்கும். அவள் பாட்டுக்கு எடுத்தாள். நன்றாகவும் எடுத்தாள். வாடிக்கையாளர்கள் படத்தைப் பார்த்து, அக்கா எடுத்தால் முகம் வெளிச்சமாக இருக்கிறது என்றார்கள். அவர் பின்னறையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை நறுக்கினார். கத்தி முனையைப் பார்த்தால் அதற்கு அப்பால் இருப்பது மறைந்தது. நறுக்கியதில் பாதி கோணலாக வந்தன. கோணலானவற்றை மனைவிக்குத் தெரியாமல் குப்பைக் கூடையின் அடியில் போட்டார். குப்பைக் கூடையைக் கொட்டுவதும் அவள்தான் என்பது அவருக்கு நினைவில்லை.

இவர்களுடைய ஒரே மகள் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்தாள். பெரிய மருத்துவமனையில் நரம்பு அறுவை நிபுணரிடம் நேரம் வாங்கிவிட்டு, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள். அப்பா வர மறுத்தார். சிவப்பு சிவப்புதான், அங்கே போனால் நீலமாகவா மாறும் என்று கேட்டார்.

"அப்பா, லிஃப்ட் நின்னுபோச்சுன்னா மோட்டார் செத்துருச்சுன்னு எடுத்த எடுப்புல எழுதிக் கொடுத்துட மாட்டோம். வேற மீட்டர் வச்சு இன்னொரு தடவை பார்ப்போம். ஒரு லிஃப்டுக்குக் குடுக்கிற மரியாதையை உங்க கண்ணுக்குக் குடுங்க."

"என்னை லிஃப்டுங்கிறா பாரு," என்று அவர் மனைவியிடம் முறையிட்டார்.

"லிஃப்டாவது பட்டனை அமுக்கினா கிளம்பும்," என்றாள் மனைவி. செருப்பை எடுத்து அவர் காலருகே போட்டாள்.

அறுவை நிபுணர் தலை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அறுவைக்கு நாள் குறிக்கும் முன் கண் நரம்பு மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று அடுத்த தளத்துக்கு அனுப்பினார். அந்தக் கண் நரம்பு மருத்துவர் ஒல்லியான, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி. காலில் கான்வாஸ் ஷூ. மேசைமேல் பாதி கடித்த ரொட்டி இருந்தது. பழைய கண் ஸ்கேன் தாளில் இருந்த வட்டத்தையும் வண்ணத்தையும் எண்களையும் அவர் பொருட்படுத்தவில்லை. அவற்றுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் இருந்த மூலப் படத்தைத்தான் முதலில் பார்த்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்ன இது, மூடுபனில எடுத்த மாதிரி இருக்கு," என்றார்.

புகைப்படக்காரருக்குச் சுரீரென்றது. உண்மைதான். பொரிப்பொரியாக, மங்கலாக, அடுக்குக்கும் அடுக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்த படம் அது. தன் கடையில் யாராவது இப்படி ஒரு பிரதியை நீட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். தன் கண்ணின் உள்பக்கம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தார்.

மருத்துவர் ஆள் யாரையும் கூப்பிடவில்லை. புகைப்படக்காரரைக் கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, தானே கணினித் திரையின் முன் உட்கார்ந்தார். மோவாய், நெற்றி, பச்சைப் புள்ளி. பழக்கம் விடவில்லை. புகைப்படக்காரர் சிலையானார். திரையில் அவருடைய விழி பெரிதாகத் தெரிந்தது. முதலில் பளபளவென்று இருந்த அதன் மேற்பரப்பு மெல்ல மெல்ல மங்குவதையும், கூடவே படம் கறுப்பதையும் மனைவியும் மகளும் பார்த்தார்கள்.

மருத்துவர் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரை எட்டிப் பார்த்தார்.

"நீங்க சிமிட்டவே மாட்டீங்களா?"

"மாட்டேன் டாக்டர்," என்றார் அவர், பெருமையாகவே.

மனைவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடப் படம் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரிக்கவில்லை. அப்பாவின் பட்டப்பெயரையும் அதன் வரலாற்றையும் மகள்தான் மருத்துவருக்கு விளக்கினாள். மருத்துவரும் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணீர் ஒரு படலமாக இருக்கிறது. இமைதான் அதை ஒவ்வொரு தடவையும் பூசிவிடுகிறது. அது காய்ந்துவிட்டால் ஒளி ஒழுங்காக உள்ளே போய்த் திரும்பாது. படம் மங்கும். மங்கிய படத்தில் அடுக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கருவிக்குப் பிடிபடாது. இருப்பதைவிடக் குறைவாக அளந்து, சிவப்பு என்று சொல்லிவிடும்.

"லென்ஸைத் துடைக்காம படம் எடுப்பீங்களா நீங்க? சிமிட்டுங்க. நல்லா. இன்னொரு தடவை. இப்ப பாருங்க."

அடுத்த படம் திரையில் வந்தபோது, புகைப்படக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து மருத்துவரின் பின்னால் போய் நின்றார். அவரை யாரும் அழைக்கவில்லை. மண்சரிவில் தெரியும் மண் அடுக்குகளைப் போல, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடுகள் கூர்மையாக இருந்தன. மேல் அடுக்கு வெள்ளையாக, தடித்துத் தெரிந்தது. நல்ல படம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பொருள் தெரிய ஒரு நிமிடம் ஆனது. கருவி வட்டத்தை வண்ணமிட்டது. பச்சை. பச்சை. ஒரு துண்டில் மட்டும் மஞ்சள். மறு கண்ணிலும் அதேதான்.

மருத்துவர் ஜோசியம் சொல்லவில்லை. ஒயர் அறுந்துபோகவில்லை, மேலே கல்லை வைத்து அழுத்தியிருக்கிறது, கல்லை எடுத்தால் பெரும்பாலும் ஓடும் என்று மகளுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். பிறகு புகைப்படக்காரருடைய பார்வைப் பரப்பு வரைபடத்தை எடுத்து வைத்தார். வெள்ளைக் கிண்ணத்துக்குள் அங்கங்கே புள்ளி வெளிச்சம் மின்ன, தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி எடுத்த சோதனை அது. இரண்டு வட்டங்களிலும் வெளிப்பக்கப் பாதி கறுப்பாக இருந்தது. மருத்துவர் ஒரு பென்சிலால் கறுப்பின்மேல் கோடு போட்டார். இதற்குக் கீழே இருப்பதெல்லாம் முதலில் திரும்பும், மேலேயும் வரும், ஆனால் மேல் மூலைகள் இரண்டையும் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"ஆனா ஒண்ணு. இன்னிக்குப் பச்சை. நீங்க தள்ளிப்போட்டுட்டே இருந்தா, பச்சை உங்களுக்காகக் காத்துட்டு இருக்காது."

புகைப்படக்காரர் திரையை இன்னொரு முறை பார்த்தார். எப்போது வந்து படுக்க வேண்டும் என்று கேட்டார்.

அறுவைக்கு முன் எல்லோருக்கும் கேள்விகள் இருந்தன. அவருடைய கேள்வி, மூக்கு பழைய மாதிரியே இருக்குமா என்பது. படத்தில் எப்படி விழும் என்ற கவலை. மனைவியின் கேள்வி, வாசனை தெரியுமா என்பது. பால் பொங்கிக் கருகினால் கண்டுபிடிக்கிறவர் வீட்டில் அவர் ஒருவர்தானாம். இரண்டுக்கும் அறுவை நிபுணர் பொறுமையாகப் பதில் சொன்னார். பார்வையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பென்சில் கோடு போட்ட வரைபடத்தின் நகலை மகள் வேலை உடுப்பின் மார்புப் பையில், திருப்புளிக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள்.

அறுவை அரங்குக்கு வெளியே இருந்த நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தில் பிணைத்தவை. ஒருவர் அசைந்தால் வரிசை முழுக்க அசைந்தது. மனைவி அசையவே இல்லை. மகள் எதிரே இருந்த லிஃப்டின் கதவு மூடுகிற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று ஒரு முறை சொன்னாள். மதியம் தாண்டி அறுவை நிபுணர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார். அமுங்கிக் கிடந்த நரம்பு தங்கள் கண்ணெதிரேயே மெல்லக் கீழே இறங்கித் தன் இடத்துக்கு வந்ததையும் சொன்னார். மனைவி அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள். வரிசை முழுக்க அசைந்தது.

மறுநாள் காலை மூக்கில் பஞ்சு அடைத்து, வாயால் மூச்சு விட்டபடி படுத்திருந்தார் புகைப்படக்காரர். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று செவிலி ஒப்பித்துவிட்டுப் போனார். குடித்த தண்ணீருக்கும் வெளியேறிய சிறுநீருக்கும் கணக்கு எழுதினார்கள். மயக்க மருந்தின் கனம் இன்னும் இமைகளில் இருந்தது. கட்டிலின் இடப்பக்கம் மனைவி நின்றாள். வலப்பக்கம் மகள் நின்றாள். அவர் கண்ணைத் திறந்து, எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மணி தெரிகிறதா என்று கேட்கலாமா, வேண்டாமா என்று இருவருக்கும் தயக்கம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றார் அவர், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல். குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "ஆளுக்கொரு ஓரத்துல நின்னா எப்படி?"

மகள் ஒரு எட்டு நெருங்கினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மனைவி பேச்சை நம்புகிறவள் இல்லை. கைப்பையைத் திறந்து இரண்டு லென்ஸ் மூடிகளை எடுத்தாள். அதற்காகவே எடுத்து வந்திருந்தாள். எதிரே வந்து நின்று, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, கைகளை அகல நீட்டினாள்.

"ரெண்டையும் சேர்த்து ஆட்டாதே," என்றார் அவர். "தலை சுத்துது."

வலக்கையை நிறுத்தினாள். இப்போது மகள் பக்கத்துக் கை மட்டும் ஆடுகிறது என்றார். அதை நிறுத்தினாள். நின்றுவிட்டது என்றார். அவள் மூடிகளைப் பைக்குள் போட்டுவிட்டு, பையை மூடிவிட்டு, அப்புறம்தான் அழுதாள். அழாதே என்று சொல்லப் போனவருக்குத் தும்மல் வந்துவிட்டது. மனைவி, மகள், அவர் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த வாயைத் திறக்கப் பார்த்தார்கள்.

எல்லாம் அன்றே வந்துவிடவில்லை. மேல்பக்கம் சில மாதங்கள் புகை படிந்த கண்ணாடி போல இருந்தது. பிறகு அதுவும் துலங்கியது. கடைசிச் சோதனைக்குப் போனபோது அவர் வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுநடுவே தாராளமாகச் சிமிட்டிக்கொண்டு, பொத்தானை அமுக்கித் தள்ளினார். கண் நரம்பு மருத்துவர் புதிய வரைபடத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்தார். பென்சில் கோடு வரை கறுப்பு சுத்தமாகப் போயிருந்தது. கோட்டைத் தாண்டியும் போயிருந்தது. ஒரு மேல் மூலையில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் கறை மிச்சம் இருந்தது.

"என் பென்சில்தான் கஞ்சத்தனம் பண்ணியிருக்கு," என்றார் மருத்துவர். அதைச் சொல்வதில் அவருக்கும் மகிழ்ச்சிதான்.

ஸ்டூடியோவில் இப்போது இரண்டு கேமராக்கள் இருந்தன. மனைவி தன்னுடையதைத் திருப்பித் தரவில்லை. முகம் வெளிச்சமாக வேண்டும் என்று கேட்பவர்கள் அவளிடம் போனார்கள், குழுப் படம் கேட்பவர்கள் இவரிடம் வந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அவர் யாரும் கூப்பிடாமலேயே கிளம்பிப் போனார். மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். காலை வெயிலில் மைதானத்தில் எல்லோரும் மூன்று வரிசையாக நின்றார்கள். தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை இருந்தது. போன தடவை விட்டுப்போன இரண்டு பேரையும் இந்தத் தடவை நடுவில் நிறுத்திவிடலாம், வம்பே இல்லை என்றார். புகைப்படக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எங்கே நின்றார்களோ அங்கேயே நிற்கட்டும் என்றார். விளையாட்டு ஆசிரியை இடது ஓரத்துக்குப் போனார். காவலாளி, இஸ்திரி போட்ட சட்டையோடு, வலது ஓரத்துக்குப் போனார். நம்பிக்கை இல்லாமல் ஒரு அடி உள்ளே தள்ளியே நின்றார். கையைக் காட்டி அவரைப் பழைய இடத்துக்கே அனுப்பினார் புகைப்படக்காரர்.

மனைவி சற்றுத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு நிமிர்ந்தார். எல்லோரும் அந்தப் பழைய வார்த்தைக்காகக் கண்ணை விறைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

"எல்லாரும் ஒரு தடவை நல்லா சிமிட்டிக்குங்க," என்றார்.

வரிசைகள் குழம்பிச் சிரித்து அடங்கின. அவர் நடுவில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையின் முகத்தை நேராகப் பார்த்தார். தலையைத் திருப்பவில்லை. கண்ணையும் திருப்பவில்லை.

"விளையாட்டு டீச்சர், காலர் மடங்கியிருக்கு, சரிபண்ணுங்க," என்றார். "காவல்கார அண்ணே, நீங்க மூச்சை விடலாம். வயிறு தெரியாது."